முழுவதும் கேட்டேன்

என் தங்கை அழகி. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இருபத்து நான்கு வருஷமாக ஊரே சொல்லிச் சொல்லி என் காது மரத்துப்போயிருக்கிறது. வீட்டில் எங்கள் இருவருக்கும் பட்டப்பெயர் வைத்தது அம்மாதான். அவள் பொம்மை, நான் ரேடியோ. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அதற்குப் பத்து வருஷம் முன்னால் நான் பிறந்தபோது, போட்ட சத்தம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரி வேறு அறை கேட்டுப் போய்விட்டாளாம். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் பொறாமை என்பார்கள்.

பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நான்கு அறைகள் கொண்ட ஒலி நூலகம். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிற இடம். பதிவு அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை, ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். படித்து முடித்த அத்தியாயங்களை வெள்ளிக்கிழமை காலையில் வெளியிடுவோம். கேட்பவர்கள் தொலைபேசியில் ஒரு எண்ணை அழுத்தினால் போதும், நாங்கள் அவர்கள் காதில் இருப்போம்.

அங்கே நான் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். பாதி நாள் படிப்பேன், மீதி நாள் சரிபார்ப்பேன். என் குரலுக்கென்றே கேட்பவர்கள் இருக்கிறார்கள். ‘அந்தம்மா படிச்ச புத்தகம் வேற என்ன இருக்கு’ என்று போன் செய்து கேட்பார்கள். என் மூக்கு எப்படி, நிறம் என்ன, பல் வரிசையாக இருக்கிறதா என்று ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. உலகத்திலேயே என் தங்கையின் முகம் செல்லாத ஒரே இடம் அதுதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தது அழகிப் போட்டி.

நகரத்தில் நடந்த போட்டி. முதல் சுற்று, இரண்டாம் சுற்று எல்லாவற்றையும் தாண்டி, கடைசி பத்துப் பேரில் ஒருத்தியாகப் பொம்மை வந்துவிட்டாள். அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு சமூகத் தொண்டு செய்து, அந்த நிறுவனத்தின் சான்றிதழோடு வர வேண்டும். அதற்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண். உடனே நகரத்தில் நல்ல காரியங்களுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. ஒருத்தி தெருநாய்களைக் குளிப்பாட்டினாள், நாய் வருவதற்கு முன்பே படம் எடுப்பவர் வந்து நின்றார். ஒருத்தி பூங்காவில் கன்று நட்டாள். தண்ணீர் ஊற்ற மறுநாள் ஆள் வரவில்லை என்று பூங்காக் காவலாளி எல்லோரிடமும் புலம்பினார். இந்தச் செய்திகளை எல்லாம் நான் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடு படிப்பது என் தொழில் அல்லவா.

"நீ சிரிச்சது போதும்" என்றாள் அம்மா. "இவ உன் நூலகத்துக்குத்தான் வரப்போறா. மேலாளர் அம்மாகிட்ட பேசியாச்சு."

என்னிடம் கேட்கவில்லை. மேலாளர் அம்மாவிடம் பேசியாயிற்று.

முதல் நாள் அவள் வந்தபோது படிக்கட்டிலேயே செய்தி பரவிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வேலையே இல்லாமல் இரண்டு தடவை மாடிக்கு வந்தார். எங்கள் சரிபார்ப்பு அறையில் எனக்கு அடுத்த மேஜையில் ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. வேலை நேரத்தில் பாதியைத் தூக்கத்திலும் மீதியைத் தூங்கி எழுவதிலும் கழிப்பவள். அவள்கூட அன்று முழு நாளும் கண் விழித்திருந்தாள்.

எந்தப் புத்தகம் கொடுப்பது என்று மேலாளர் அம்மா என்னைக் கேட்டார். அலமாரியில் நல்ல நல்ல நாவல்கள் இருந்தன. நான் எடுத்துக் கொடுத்தது 'வாடகை ஒப்பந்தச் சட்டம்: எளிய விளக்கம்'. பத்தொன்பது அத்தியாயம். அதில் எளிமையாக இருந்தது அட்டை மட்டும்தான். சட்டப் பரீட்சைக்குத் தயாராகிற ஒரு பெண்மணி அதைக் கேட்டு எட்டு மாதமாகக் காத்திருந்தார். எங்களில் யாருக்கும் அதைத் தொட மனசில்லை. அவ்வளவு வறட்சி.

பொம்மை புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுல கதையே இல்லையே."

"தொண்டுதானே செய்ய வந்திருக்கே. கதை எதுக்கு?" என்றேன்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே சரிபார்ப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் படித்ததை இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்க வேண்டும். விட்டுப்போன சொல், தடுமாறிய இடம், தும்மல், வெளியே போன லாரிச் சத்தம் எல்லாவற்றையும் பென்சிலால் குறிக்க வேண்டும். தேவையில்லாததை வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலை எங்களுக்குத்தான் தெரியும், படிக்க வருகிறவர்களுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு சீட்டு. அதில் அச்சடித்த இரண்டே சொற்கள்: 'முழுவதும் கேட்டேன்'. அதன் கீழே கையெழுத்து. புத்தகத்தில் கடைசி வரி முடிந்த பிறகும், பதிவு எங்கே நிற்கிறதோ அதுவரை கேட்க வேண்டும் என்பது விதி. கேட்பவரால் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிட முடியாது, அதனால் நம் காதை நம்பித்தான் கேட்கிறார் என்று மேலாளர் அம்மா அடிக்கடி சொல்வார். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு நிமிஷம் கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கொட்டாவி குறட்டை விட்டுக்கொண்டே எத்தனையோ சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொம்மையின் பதிவுகளை நானே சரிபார்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒழுங்காக நடக்கட்டும் என்பதற்காக என்று சொன்னேன். உண்மையில் அவள் தப்பை முதலில் கேட்கிறவள் நானாக இருக்க வேண்டும்.

தப்பு நிறைய இருந்தது. முதல் மூன்று அத்தியாயத்தில் பென்சில் தேய்ந்தது. மூச்சு வாங்கினாள், வரியை விட்டாள், 'முன்பணம்' வருகிற இடத்திலெல்லாம் அவசரப்பட்டாள். நான் குறித்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் திரும்பப் படித்தாள். நான்காவது அத்தியாயத்தில் பென்சிலுக்கு வேலை குறைந்தது. ஆறாவதில் என்ன செய்தாள் தெரியுமா, வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கிற ஒரு உதாரண வழக்கை, குரலை மாற்றாமலே, இரண்டு பேர் எதிரெதிரே நிற்பதுபோலப் படித்தாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு ஏதாவது குறிக்க வேண்டுமே என்று ஒரு பக்கம் புரட்டும் சத்தத்தைக் குறித்தேன்.

அடுத்த வாரம் போன் வர ஆரம்பித்தது. எங்களிடம் ஒரு பழைய வாசகர் இருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. காது மட்டும் பாம்புக் காது. ஒரு எழுத்து விட்டுப்போனாலும் வெள்ளிக்கிழமை மதியமே அழைத்துவிடுவார். என் குரலுக்கு முதல் ரசிகர் அவர்தான். என் மனசில் அவருக்கு அப்படி ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன்.

"மேடம், அந்த வாடகைச் சட்டம் அடுத்த அத்தியாயம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"நீங்க சொந்த வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா மேடம். ஆனா அந்தக் குடித்தனக்காரர் என்ன ஆனாருன்னு தெரியணுமே."

எனக்கு வயிறு எரிந்தது. முகத்தைப் பார்த்து மயங்கினார்கள் என்றால் மனசு ஆறும், அது உலக வழக்கம். இவருக்கு முகம் ஏது? இங்கேயும் வந்து, என் ஆளையே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் ஊரே இருக்கிறதே, இந்த நான்கு அறையையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

வீட்டில் அம்மா எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "பொம்மை குரலும் நல்லாத்தான் இருக்கு இல்ல? இத்தனை நாளா நாம கவனிக்கவே இல்ல" என்றாள். நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், தேவைக்கு மேல் சத்தம் போட்டுக் கழுவினேன்.

கடைசி அத்தியாயம் 'வீட்டைக் காலி செய்தல்'. இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. பொம்மை புதன்கிழமை அதைப் படித்து முடித்தாள். நான் வியாழக்கிழமை கேட்டுக் கையெழுத்துப் போட்டால், வெள்ளிக்கிழமை வெளியாகும், அன்றே சான்றிதழும் அவள் கைக்குப் போகும்.

வியாழக்கிழமை காலை உட்கார்ந்தேன். அத்தியாயம் அரை மணி நேரம். ஒரு குறை இல்லை. கடைசி வரியைப் படித்து, 'புத்தகம் நிறைவடைந்தது' என்று சொன்னாள். பதிவு அதோடு நிற்கவில்லை. திரையில் இன்னும் பதினோரு நிமிஷம் மிச்சம் காட்டியது. நிறுத்துவதற்கு மறந்துவிட்டாள். நாற்காலி நகர்கிற சத்தம். தண்ணீர் குடிக்கிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தாள்.

"பார்வை இல்லாதவங்களுக்கு என் குரல் ஒரு கண்ணா இருக்கட்டும்னு நினைச்சேன். அதனாலதான் இந்தத் தொண்டைத் தேர்ந்தெடுத்தேன்."

சிறிது இடைவெளி. மறுபடியும் அதே வாக்கியம், இந்தத் தடவை 'கண்ணா' என்ற இடத்தில் ஒரு நிறுத்தம். மூன்றாவது தடவை, உதட்டில் புன்னகை வைத்துக்கொண்டு. புன்னகையோடு பேசினால் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா? மேடையில் நடுவர் கேட்கப்போகிற கேள்விக்கு ஒத்திகை பார்க்கிறாள்.

பதிவு கேட்கிற காதுக்கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை. மாட்டிக்கொண்டாள். நாய் குளிப்பாட்டினவளும் இவளும் ஒன்றுதான். அந்த ஆப்பரேட்டர் கேட்கட்டும். குடித்தனக்காரருக்காகத் துடித்தாரே, அவர் காதாலேயே கேட்கட்டும்.

அந்தப் பதினோரு நிமிஷத்தை வெட்டுவது எனக்கு ஒரு விநாடி வேலை. வெட்டவில்லை. நான் எதையும் சேர்க்கவில்லையே, அவள் குரல், அவள் சொன்ன சொல், அப்படியே போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சீட்டை எடுத்தேன். 'முழுவதும் கேட்டேன்'. கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேஜையில் கொட்டாவி வாயைத் திறந்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தியாயம் வெளியானது. பொம்மை வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அக்கா" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். மதியம் ஆப்பரேட்டர் அழைத்தார். நான் தயாராக இருந்தேன். அவர் ஏமாந்து பேசுகிற குரலைக் கேட்க ஆசையாகவும் இருந்தது.

"மேடம், கடைசி அத்தியாயம் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அந்தப் பொண்ணு எட்டு தடவை சொல்லுது. ஏழும் பொய். நாலாவது கொஞ்சம் நல்ல பொய், அழற மாதிரி வருது." அவர் நிறுத்தினார். "எட்டாவதைத்தான் நான் மூணு தடவை போட்டுக் கேட்டேன்."

எட்டாவது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "ஓ" என்றேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

நாள் முழுக்க ஆயிரம் பேர் குரலைக் கேட்டு எடைபோடுகிற மனிதர். என் ஒரு சொல்லை எடைபோட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"கேட்டிருந்தா இதை விட்டிருக்க மாட்டீங்க மேடம்" என்றார் மெதுவாக. "நீங்க இப்பப் போய்க் கேளுங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். அது எங்களுக்குச் சொன்னது இல்ல, ஆனாலும் எங்க காதுல விழுந்துருச்சு. பத்திரமா வச்சுக்குவோம்."

போனை வைத்துவிட்டுக் காதுக்கருவியை மாட்டினேன். மூன்றாவது முடிந்த இடத்திலிருந்து ஓடவிட்டேன். நான்காவது, குரல் உடைகிற மாதிரி. ஐந்து, ஆறு, ஏழு, ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசம். ஏழாவதில் பாதியிலேயே நிறுத்தி, "ச்சீ" என்றாள். மேஜையில் எதையோ தட்டினாள். அப்புறம் அவள் பேசியது மேடைக் குரலில் இல்லை. வீட்டில் தலை துவட்டிக்கொண்டே பேசுகிற குரல்.

"எதுக்கு வந்தேன்... பட்டத்துக்குத்தான் வந்தேன். நாப்பது மார்க்கு. முதல் நாள் எப்படா முடியும்னு இருந்துச்சு. அப்புறம் என்னன்னு தெரியல. இந்தக் கதவைச் சாத்திட்டா யாரும் என்னைப் பாக்கறதில்ல. மூக்கைச் சொறிஞ்சுக்கலாம். முகத்தை எப்படி வேணா வச்சுக்கலாம். அந்தப் பரீட்சை எழுதற அம்மா ஒரு நாள் போன் பண்ணாங்க. ஏழாவது அத்தியாயத்துல ஒரு வரி புரியலன்னு கேட்டாங்க. நீ எப்படிம்மா இருப்பேன்னு கேக்கல. வரியைத்தான் கேட்டாங்க. எனக்கே அது புரியல. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அது புரியற வரைக்கும் உக்காந்து படிச்சேன். வாழ்க்கையில முதல் தடவை." ஒரு சின்னச் சிரிப்பு. "இதை மேடையில சொன்னா ஒரு மார்க்கும் போட மாட்டாங்க."

பதிவு முடிய இன்னும் அரை நிமிஷம். நாற்காலி கிரீச்சிட்டது.

"ஐயோ, லைட்டு எரியுது. அக்கா, இது ஓடிட்டே இருந்திருக்கு. பின்னாடி இருக்கறதை எல்லாம் வெட்டிடு. நான் திரும்ப எடுக்கல. நீ எப்படியும் கடைசி வரைக்கும் கேப்பே."

அவ்வளவுதான். பதிவு நின்றது.

உடனே அத்தியாயத்தைக் கீழே இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றினேன். வெட்ட வேண்டிய இடத்தை மூன்று தடவை தவறவிட்டேன். அதற்குள் அறுபத்திரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த அறுபத்திரண்டு பேருக்கும் இப்போது இரண்டு விஷயம் தெரியும். என் தங்கை மனசில் இருந்தது ஒன்று. அவள் அக்கா கடைசி வரை கேட்கவில்லை என்பது இன்னொன்று.

மேலாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவர் சீட்டை எடுத்து என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பொம்மை கூடத்தில் உட்கார்ந்து வெந்நீர் வாளியில் கால்களை வைத்திருந்தாள். உயரக் குதிகால் செருப்பில் ஒரு வாரமாக நடந்து பழகி, இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"உன் கடைசி அத்தியாயத்துல பின்னாடி இருந்ததை நான் வெட்டல. அப்படியே வெளிய போயிடுச்சு. நேத்து மதியம்தான் எடுத்தேன்."

அவள் முகம் வெளுத்தது. அப்போதும் அழகாகத்தான் இருந்தாள், என்ன செய்வது. "மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல. வேணும்னுதான் விட்டேன். நீ ஒத்திகை பாக்கறது எல்லாருக்கும் கேக்கட்டும்னு."

வாளியில் தண்ணீர் அசைவது நின்றது. அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நான் கடைசியில சொன்னது? அதைக் கேட்டுட்டுமா விட்டே?"

"அதைக் கேக்கல. மூணு வரைக்கும்தான் கேட்டேன்."

"மூணு வரைக்கும்."

"ஆமா."

"கேட்டுட்டு விட்டிருந்தா கூட, என் மேல அவ்வளவு கோவம்னு நினைச்சுக்குவேன்" என்றாள். "எம்மேல உனக்குக் கோவம்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து தெரியும். ஆனா நீ கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு நினைச்சேன். யாரு படிச்சாலும்."

நான் திட்டுக்குத் தயாராக வந்திருந்தேன். அழுகைக்கும் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை.

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"அறுபத்திரண்டு."

கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல. அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. அந்தத் துண்டை எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் அம்மாவும் அரங்கத்தில் பதினான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பத்துப் பெண்கள் வந்தார்கள், போனார்கள். உரிந்த குதிகாலோடு பொம்மை எப்படி நடந்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஒரு சுளிப்புக்கூட முகத்தில் இல்லை. நடுவர் மைக்கைப் பிடித்தார். "ஏன் இந்தத் தொண்டைத் தேர்ந்தெடுத்தீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எட்டில் எது வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எட்டாவதைச் சொல்லிவிடு என்று ஒரு பக்கம் மனசு வேண்டியது. சொல்லிவிடாதே, இவர்களுக்கு எதற்கு அது என்று இன்னொரு பக்கம் பொருமியது.

நான்காவதைச் சொன்னாள். 'கண்ணா' என்ற இடத்தில் குரல் சரியான அளவுக்கு உடைந்தது. அரங்கம் கைதட்டியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, எப்படி மனசுலேர்ந்து சொல்றா" என்றாள்.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இடம் நாய் குளிப்பாட்டினவளுக்கு.

அதோடு நூலகத்துப் பக்கம் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சான்றிதழ் கிடைத்தாயிற்று, போட்டி முடிந்தது, இனி என்ன? அப்படி வராமல் போனால், நான் நினைத்ததில் பாதியாவது சரியாக இருந்தது என்று ஒரு சின்ன ஆறுதலாவது மிஞ்சும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தாள். தட்டைச் செருப்பு, எண்ணெய் வழிகிற முகம். மேலாளர் அம்மாவிடம் போய், அந்தப் பரீட்சை எழுதும் பெண்மணிக்கு அடுத்து என்ன புத்தகம் வேண்டுமாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். 'சொத்து மாற்றுச் சட்டம்', இருபத்தேழு அத்தியாயம். பதிவு அறைக் கதவு சாத்திக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல மேலே வந்து, கதவைப் பார்த்துவிட்டுக் கீழே போனார்.

நான் பென்சிலைச் சீவி வைத்தேன். புது ரப்பர் எடுத்து வைத்தேன். புத்தகத்தின் இன்னொரு பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து, முதல் அத்தியாயத்தைப் பிரித்து மேஜையில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை மூச்சு விடுகிற சத்தம் வரை கேட்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. காலடிச் சத்தம் எங்கள் அறைக்குள் வந்தது.

"அக்கா."

நான் நிமிர்ந்து கையை நீட்டினேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"அக்கா, என்னோட முதல் அத்தியாயம். நீங்க கேக்குறீங்களா?"

கொட்டாவி திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "குடும்மா, குடும்மா" என்று வாங்கி வைத்தாள். பொம்மை என் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனாள். சிறிது நேரம் கழித்துக் கொட்டாவி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில், என் தங்கையின் குரல் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பதினோராவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியானதும், எல்லோரையும்போல நானும் எண்ணை அழுத்திக் கேட்கிறேன். கடைசி வரி முடிந்த பிறகும் போனை வைப்பதில்லை. இணைப்பு தானாக அறுந்து போகும் வரை காதில் வைத்திருக்கிறேன்.